வலி நின்ற பல்லும் கடமையான குளிப்பும்



திருவேங்கடத்திலிருந்து ரூட் கெனால் எனப்படும் வேர் சிகிச்சைக்குப் பெரும்பாலும் சங்கரன்கோவிலுக்கோ கோவில்பட்டிக்கோதான் பேருந்து ஏறுகிறோம். வலி நிற்கும்வரை தவறாமல் செல்கிறோம். அதன்பின் ‘கேப் போட வாருங்கள்’ என்று மருத்துவர் சொன்னது பெருநாள் கழித்து, கல்யாணம் கழித்து என்று தள்ளிப்போகிறது.

எங்கள் உம்மா தயங்கியதற்குக் காரணம் வேறு. பல்லை உறை மூடிவிட்டால் உள்ளே தண்ணீர் படாதே, கடமையான குளிப்பு நிறைவேறுமா என்பதே அவர்களின் கவலை. ஹனஃபி மத்ஹபில் அக்குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஃபர்ளு. ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத். ஆகவே அக்கேள்வியை அலட்சியமாகத் தள்ள முடியாது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டோம். தேவைக்காகப் பொருத்தப்பட்டு, சிரமமின்றிக் கழற்ற இயலாத உறையும் அடைப்பும் பல்லின் ஒரு பகுதியைப் போன்றவை. மேற்புறம் நனைந்தால் போதும் என்றார்கள். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குத் தங்கத்தால் மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்ததையும் நினைவூட்டினார்கள்.

வேருக்குள் அடைக்கப்படுவது குட்டாபெர்ச்சா. பெயரே மலாய் மொழியிலிருந்து வந்தது. மரப்பாலிலிருந்து கிடைக்கும் பொருள். கடையநல்லூர்க்காரர்கள் பிழைக்கச் சென்ற அதே சிங்கப்பூரிலிருந்துதான் 1843இல் இதன் மாதிரிகள் லண்டனுக்குச் சென்றன. 1851இல் ஆங்கிலக் கால்வாயின் அடியில் இட்ட தந்திக் கம்பிக்கும் இதுவே உறையாயிற்று. இன்று பல்லில் வைக்கும் குச்சியில் பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. குட்டாபெர்ச்சா ஐந்தில் ஒரு பங்கு அளவே. இடுக்குகளை மூடத் தனியாக ஒரு பசை உண்டு. அதில் ஒரு வகையில் கிராம்பு எண்ணெயின் சத்தான யூஜினால் சேர்கிறது. நம் பாட்டிமார் பல்வலிக்குக் கிராம்பு வைத்ததை எண்ணிக்கொள்ளலாம்!

ஆனால் இந்த அடைப்பு கிருமியைத் தடுக்குமே தவிர, பல்லுக்கு வலிமை தராது. சொத்தையும் துளையும் போக எஞ்சிய கடைவாய்ப் பல், உறையில்லாமல் மெல்லும்போது பிளந்துவிடலாம். வேர்வரை பிளந்தால் பெரும்பாலும் பிடுங்குவதே வழி. தற்காலிக அடைப்பு தேய்ந்தாலோ எச்சில் உள்ளிறங்கி, செய்த சிகிச்சையையே திரும்பச் செய்ய நேரும். உம்மா அடுத்த வாரமே உறை போட்டுக்கொண்டார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

சிகிச்சைக்குப்பின் சில நாள் கடிக்கையில் இலேசாக வலிப்பது இயல்பு. வீக்கமோ ஈறில் சீழ்க்கொப்புளமோ வந்தால் காத்திராமல் செல்லுங்கள். முடிந்த அன்று எடுத்த எக்ஸ்ரே படத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஓராண்டு கழித்து எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டே, வேர் நுனியில் எலும்பு ஆறியிருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார்.