தாத்தாவின் கறுப்பு

மலருக்கு ஏதாவது எழுதுடா என்று யூனியன் செயலாளர் சொன்னபோது கவிதை எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. அதனால் மூன்று மாதம் என் மண்டையைக் குடைந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கும் போட்டோ பேப்பருக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் சிரிக்க வேண்டாம்.

எங்கள் ஊர் நெல்லிக்குப்பம். பாரி சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பை வெட்டியவர் என் தாத்தா. கைநாட்டு. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான். தாத்தாவுக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ, கறுப்பு வெள்ளை, தீப்பெட்டி அளவு. போன வருஷம் திதிக்காக அதைப் பெரிதாக்க ஒரு கடையில் கொடுத்தோம். வந்த படத்தை ஆயா கண்ணாடி போட்டுப் பார்த்தது. "என்னாடா, தாத்தாவுக்குப் பவுடர் பூசிட்டாங்களா? இது அவரு இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு ஸ்டுடியோவில் வேலை செய்கிறேன். அங்கே ஆறு மை ஊற்றும் இங்க்ஜெட் பிரிண்டர் இருக்கிறது. நானே போட்டுப் பார்த்தேன். வெளுக்காமல் போட்டால் முகம் ஒரே கரி. கண், மூக்கு, மீசை எதுவும் தெரியவில்லை. வெளுத்தால் மறுபடி பவுடர். "கறுப்பா இருக்கறவங்களுக்கு இப்படித்தாண்டா வரும்" என்றார் பக்கத்தில் இருந்த ஒருவர். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. சின்னப் போட்டோவில் தாத்தா கறுப்பாகவும் இருக்கிறார், தெளிவாகவும் இருக்கிறாரே!

ஸ்டுடியோ மாமா இருட்டறையில் தொழில் பழகியவர். ஊட்டியில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் விற்ற பேப்பரில்தான் அவர் கை பழகியது. இப்போது அந்தக் கம்பெனி மூடியாகிவிட்டது. "அப்பவே பேப்பருக்குப் பேப்பர் குணம் வேற. நெகட்டிவுக்குத் தகுந்த மாதிரி எடுப்போம்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு வெர்னியர் ஞாபகம் வந்தது. கருவியின் ஜீரோ எரரைப் பார்க்காமல் அளந்தால் அளவு தப்பும் அல்லவா? பேப்பரும் அப்படித்தான். என்ன, வெர்னியரில் பிழை ஒரே அளவு, பேப்பரில் ஒவ்வொரு இடத்திலும் வேறு.

வெள்ளையிலிருந்து முழுக் கறுப்பு வரை ஐந்தைந்து சதவீதமாக 21 கட்டங்கள் வரைந்தேன். அதை மூன்று வகைப் பேப்பரில் அடித்து, மை காய ஒரு நாள் விட்டு, ஸ்கேனரின் தானியங்கித் திருத்தங்களை நிறுத்திவிட்டு ஸ்கேன் செய்து, ஒவ்வொரு கட்டத்தின் எண்ணையும் ரெக்கார்டு நோட்டில் எழுதி, கிராப் ஷீட்டில் கோடு போட்டேன். பெரிய இடங்களில் இதற்கென்றே ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் உண்டு. அது அளந்து தரும் கணக்கைத்தான் பிரொஃபைல் என்கிறார்கள். 1993-ல் ஐசிசி என்ற அமைப்பு ஏற்பட்டு அதற்குப் பொது முறை வகுத்தது. நமக்கு ஸ்கேனர்தான் கதி. கட்டத்துக்குக் கட்டம் ஒப்பிட அது போதும்.

விலை குறைந்த பளபளப்புப் பேப்பரில் 80 சதவீதத்திலிருந்து மேலே ஐந்து கட்டமும் ஒரே கறுப்பு. தாத்தாவின் முகம் முழுக்க அந்த ஐந்து கட்டத்துக்குள்தான் இருந்தது! மீதிப் பதினாறும் அவர் வேட்டிக்கும் பின்னால் இருந்த திரைக்கும் போய்விட்டன.

மேட் பேப்பரின் கறுப்பு அவ்வளவு ஆழம் இல்லை. நல்ல பளபளப்புப் பேப்பரின் கறுப்பு, விழும் ஒளியில் நூறில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் திருப்பி அனுப்பும். மேட்டில் சுமார் நாற்பதில் ஒரு பங்கு. ஆனாலும் எங்கள் மேட்டில் கடைசிக் கட்டங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. அதையே எடுத்து, கோடு எங்கெல்லாம் சீக்கிரம் இருட்டியதோ அங்கெல்லாம் கம்ப்யூட்டரில் அந்த அளவுக்கு மையைக் குறைத்தேன். இரண்டு தடவை வீண். மூன்றாவது தடவை கோடு ஏறக்குறைய நேரானது. பேப்பர் செலவை மாமா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

படத்தை ஆயா கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கன்னத்தில் ஒரு இடத்தைத் தொட்டு, "கரும்புச் சோகை கிழிச்ச தழும்பு. ஆறவே பத்து நாளாச்சு" என்றது. அப்படி ஒரு தழும்பு இருந்ததே எனக்குத் தெரியாது.

இப்போது படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. டியூப் லைட்டில் நன்றாகவே இருக்கிறது. காலை வெயில் ஜன்னல் வழியாக விழும்போது மட்டும் லேசாகப் பச்சையடிக்கிறது. கலர் மைகளைக் கலந்து சாம்பல் நிறம் உண்டாக்குவதால் வரும் கோளாறு அது. ஆயாவுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது. செமஸ்டர் லீவில் மறுபடி கட்டம் போட வேண்டும்.