மூச்சு விடும் பெட்டி

கொல்லனின் உலைக்களத்தில் துருத்தி ஒன்று உண்டு. அது காற்றை உள்வாங்கி வெளிவிட்டுத் தீயை வளர்க்கும். அத்தகைய துருத்தியைச் சிறிதாகச் செய்து, மார்போடு அணைத்து, அதன் காற்றினால் இசையை வளர்த்தால் எவ்வாறு இருக்கும்? அதுவே அக்கார்டியன் என்னும் இசைக்கருவி. நம் நாட்டில் பாடுவோர்க்குச் சுருதி கூட்டும் சுருதிப்பெட்டியும், நாடக மேடைகளில் முழங்கிய ஆர்மோனியமும் அதன் இனத்தைச் சேர்ந்தவையே.

இவ்வினத்துக் கருவிகளுக்கு உயிர்நிலையாய் விளங்குவது மெல்லிய உலோக நாக்கு. அதன் ஒரு முனை சட்டத்தில் பொருந்தியிருக்கும். மறுமுனை தளையின்றி நிற்கும். காற்றுப் பாயும்போது அது துடிக்கும். துடிப்பிலிருந்து ஒலி பிறக்கும். நாக்கு நீண்டிருந்தால் குரல் தாழ்ந்திருக்கும்; குறுகியிருந்தால் உயர்ந்திருக்கும். சீனர் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்நுட்பத்தை அறிந்து, 'ஷெங்' என்னும் மூங்கிற் குழற்கருவியில் அமைத்து, வாயால் ஊதி இசைத்தனர்.

1829 ஆம் ஆண்டில் வியன்னா நகரில் சிரில் டெமியன் என்பவர், தாம் செய்த ஒரு சிறு பெட்டிக்கு உரிமை பெற்றார். ஆர்கன், பியானோ முதலியவற்றைச் செய்வது அவர் தொழில். பல சுரங்கள் இயைந்து ஒருங்கே ஒலிப்பதை ஜெர்மானியர் 'அக்கார்டு' என்பர். ஒரு கட்டையை அழுத்தினால் ஓர் 'அக்கார்டு' முழுவதும் ஒலிக்குமாறு அவர் அமைத்தமையால், பெட்டி 'அக்கார்டியன்' என்று பெயர் பெற்றது. அதில் இருந்தவை ஐந்தே கட்டைகள். துருத்தியை விரிக்கும்போது ஒன்றும் சுருக்கும்போது ஒன்றுமாக, ஐந்து கட்டைகளும் பத்து இன்னிசைக் கூட்டுகளைத் தந்தன. இசையில் மிகுந்த பயிற்சி இல்லாதவரும் எளிதிற் பழகி இதனை வாசிக்கலாம் என்பதே அவர் எடுத்துக்காட்டிய சிறப்பு.

அச் சிறு பெட்டி நாளடைவில் பெரிதாக வளர்ந்தது. முழு அளவுள்ள அக்கார்டியனில் வலக்கைக்கு 41 கட்டைகளும், இடக்கைக்கு 120 பொத்தான்களும் இருக்கும். வலக்கை பாட்டை இசைக்கும். இடக்கை அடிச்சுரத்தையும் கூட்டிசையையும் சேர்க்கும். இடக்கைப் பொத்தான்கள் வாசிப்பவர் கண்ணுக்குப் புலப்படா. ஆகவே, சில பொத்தான்களில் சிறு குழியோ வேறு அடையாளமோ இட்டு வைப்பர். விரல் அதைத் தடவித் தன் இடம் அறியும். பியானோவில் ஒரு கட்டையை ஒருமுறை தட்டினால், எழுந்த ஒலி தேய்ந்துகொண்டே போகும். அக்கார்டியனிலோ, துருத்தியை அழுத்தும் அளவிற்கேற்ப ஒரே சுரம் மெல்லத் தோன்றி, வளர்ந்து, பொங்கி, மீண்டும் அடங்கும். மனிதக் குரலுக்குள்ள இவ்வியல்பு அதற்கும் உண்டு.

இக்கருவி ஏழைகளுக்கு உற்ற தோழனாயிற்று. தோளில் மாட்டிச் செல்லலாம். நரம்புக் கருவிகளைப் போல நாள்தோறும் சுருதி கூட்ட வேண்டுவதில்லை. ஆடுவோர் கூட்டத்தின் ஆரவாரத்தையும் மீறி ஒலிக்கும். ஒருவரே ஒரு குழுவின் பணியைச் செய்துவிடலாம். பிழைப்புத் தேடி ஐரோப்பாவை விட்டு அமெரிக்கக் கண்டங்களுக்குக் கப்பலேறியவர்கள் இதனையும் உடன் கொண்டு சென்றனர். சென்ற இடமெல்லாம் அந்தந்த மண்ணின் மொழியை அது பேசலாயிற்று.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிரெஞ்சு மொழி பேசும் கறுப்பின மக்களிடையே 1925 இல் பிறந்தவர் கிளிஃப்டன் செனியர். துணி துவைக்கும் நெளிதகட்டைப் போன்ற ஓர் உலோகத் தகட்டை ஒருவர் மார்பில் மாட்டிச் சுரண்டித் தாளமிட, செனியர் அக்கார்டியன் வாசிப்பார். 'சைடிகோ' என்னும் அவ்விசை வயல்வெளி மக்களின் வீட்டு விருந்துகளிலிருந்து உலக அரங்குகளுக்குச் சென்றது.

பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதி வறட்சி மிக்கது. 1912 இல் அங்குப் பிறந்த லூயிஸ் கொன்சாகாவின் தந்தை, அக்கார்டியன்களைப் பழுது பார்ப்பதிலும் வாசிப்பதிலும் வல்லவர். கொன்சாகா ரியோ நகரை அடைந்து, நகரத்தார் விரும்பிய வெளிநாட்டு ஆடலிசையை வாசித்துப் பிழைத்து வந்தார். ஒரு நாள் அவர் ஊர்ப்பக்கத்து மாணவர் சிலர், "நம் நாட்டுப்புறத்து இசையை வாசிக்கலாகாதா?" என்று கேட்டனராம். அவர் வாசித்தார், நகரம் வியந்தது. மழை பொய்த்து மண்ணை விட்டுப் பிரிவோரின் துயரைப் பாடிய அவரது 1947 ஆம் ஆண்டுப் பாடல், இன்றும் அம்மக்களின் நெஞ்சில் நிலைத்திருக்கிறது.

அர்ஜென்டினாவின் அஸ்டர் பியாசொல்லா வரலாறு இதனினும் வியப்புடையது. ஜெர்மனியில் ஐன்ரிக் பாண்டு என்பவரின் பெயரால் வழங்கும் 'பாண்டோனியன்', அக்கார்டியனின் உடன்பிறப்பு. இருபுறமும் பொத்தான்களே உடைய அது, பூவனஸ் அயர்ஸ் துறைமுக நகரத்தின் 'டாங்கோ' இசைக்கு உயிராயிற்று. நியூயார்க்கில் குடியிருந்த பியாசொல்லாவின் தந்தை, 1929 இல் ஓர் அடகுக் கடையில் பழைய பாண்டோனியன் ஒன்றைக் கண்டு, தம் எட்டு வயது மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். சிறுவன் கற்றுத் தேர்ந்தான். ஆனால், வளர்ந்தபின் அக்கருவியும் டாங்கோவும் இழிந்தவை என்னும் நாணம் அவர் உள்ளத்திற் புகுந்தது. பேரிசை இயற்ற விரும்பி, 1954 இல் பாரிஸ் சென்று நாடியா பூலான்ஷே என்னும் அம்மையாரிடம் பயின்றார். தாம் டாங்கோ வாசிப்பவர் என்பதை மறைத்தே வைத்தார். அவர் இயற்றியவற்றைப் பார்த்த அம்மையார், அவை நன்கு எழுதப்பட்டிருந்தும் அவற்றில் பியாசொல்லாவைக் காணவில்லை என்றார். பலமுறை வினவியபின் அவர் உண்மையைச் சொன்னார். தம் டாங்கோ ஒன்றைப் பியானோவில் வாசிக்குமாறு அம்மையார் பணித்தார். சிறிது கேட்டதும் அவர் கைகளைப் பற்றி, "இதுவே உண்மையான பியாசொல்லா, இதனை என்றும் கைவிடாதே" என்னும் கருத்துப்பட மொழிந்தார். அடகுக் கடைப் பெட்டியின் இசையைப் பியாசொல்லா பின்னர் மறைக்கவில்லை. 1992 இல் அவர் மறையுமுன், உலகின் சிறந்த இசையரங்குகள் அதனைக் கேட்டு மகிழ்ந்தன.

கற்றோர் அரங்கும் இவ்வினத்தை முற்றும் ஒதுக்கிவிடவில்லை. ரஷிய இசைமேதை சைகாவ்ஸ்கி, 1883 இல் இயற்றிய ஓர் இசைத்தொகுதியில் நான்கு அக்கார்டியன்களுக்கு இடமளித்தார். ரஷியப் பொத்தான் அக்கார்டியனாகிய 'பயான்' என்பதற்காகச் சோஃபியா குபைதூலினா 1978 இல் ஒரு தனியிசை இயற்றினார். அதில் ஓரிடத்தில், எந்தப் பொத்தானும் சுரம் எழுப்பாமல் துருத்தி மட்டும் விரிந்து சுருங்கும். அப்போது எழுவது வெறும் காற்றொலி. துயருற்ற ஒருவரின் பெருமூச்சுப் போன்றது.

இக்கருவிக்குக் குறையும் உண்டு. ஒவ்வொரு நாக்கின் சுரமும் முன்னரே வரையறுக்கப்பட்டது. வீணையிலும் வயலினிலும் ஒரு சுரம் மற்றொன்றை நோக்கி வழுக்கிச் செல்லும் கமகம் இதற்கு அரிது. எல்லாம் வல்ல கருவி உலகில் இல்லை. ஆயினும், தன் எல்லைக்குள் நின்றே அது கரும்பு வயலின் களிப்பையும், வறண்ட நிலத்தின் துயரையும், துறைமுகத்தின் ஏக்கத்தையும் பாடியிருக்கிறது.

அதற்கென்று தனிமொழி இல்லை; ஏந்தியவரின் மூச்சே அதன் மூச்சு. பிறர் இசையை வாசித்தபோது கொன்சாகா பலருள் ஒருவராயிருந்தார். தம் மண்ணின் இசையை வாசித்தபோது ஒப்பற்றவரானார். பியாசொல்லா நாணி மறைத்ததே அவருக்குப் புகழாயிற்று. எளியோர் கைப்பொருள் என்று எதனையும் இகழலாகாது. தமக்கு இயல்பாய் அமைந்த குரலுக்கு எவரும் நாணலாகாது. விரிந்தும் சுருங்கியும் அப் பெட்டி உலகிற்கு உணர்த்தும் உண்மை இதுவே.