லோரோங் கூலிட் சந்தையில் பழைய சட்டைகள்

பினாங்குக்குப் போனால் கொடிமலை, பாம்புக் கோயில் பார்த்து வருவீர்கள். காலையில் நேரமிருந்தால் ஜார்ஜ் டவுன் நகர விளையாட்டரங்கின் பக்கத்திலுள்ள லோரோங் கூலிட் சந்தைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பழைய கடிகாரம், பித்தளைச் சாமான்களுக்கு நடுவே உங்களுக்கு நன்கு பழக்கமான உடுப்புகளும் கிடக்கும்: தடித்த நீலச் சட்டை, வெளுத்த ஜீன்ஸ், தொழிற்சாலை மேலங்கி. உழைத்தவர் கழற்றிப் போட்டதை இளைஞர்கள் தேடி வாங்குகிறார்கள்!

ஜீன்ஸே உழைப்பாளியின் உடைதானே. அமெரிக்காவின் ரீனோ நகரத் தையற்காரர் ஜேக்கப் டேவிஸ், வேலையாட்களின் காற்சட்டைப் பை கிழியாதிருக்க மூலைகளில் செம்பு ரிவிட் அடித்தார். துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸுடன் சேர்ந்து 1873-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இன்றும் பையோரத்தில் அதைத் தடவிப் பார்க்கலாம்.

வாங்கும்போது தோள் அளவைக் கவனியுங்கள். நீளத்தை எந்தத் தையற்காரரும் குறைத்துத் தருவார். தோளைத் திருத்துவது பெரிய வேலை. முழங்கையை வெளிச்சத்தில் பிடித்தால் நைந்த இடம் தெரிந்துவிடும். முரட்டு உடுப்பு ஒன்று போதும். ஜீன்ஸுக்கு மேலே அப்பாவின் பழைய பாத்தேக் சட்டை எடுப்பாக இருக்கும். தலைமுதல் கால்வரை வேலையுடையாகப் போட்டால் நாடக வேடம்தான்.

நம் வீடுகளில், பால்மரம் வெட்டப் போட்ட சட்டையை விருந்தாளி வந்தால் ஒளித்து வைப்போம். பால் காய்ந்து கறுத்த கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. அப்படியொன்று பெட்டியில் கிடந்தால் கரித்துணி ஆக்கிவிடாதீர்கள். பொத்தான் மாற்றி, வெயிலில் உலர்த்தி, கல்லூரிக்குப் போகும் மகளிடம் கொடுங்கள். கறையைப் போக்கச் சொல்லி அவள் கேட்கமாட்டாள்.