பின்னால் நிற்க ஒருவர்

சொந்த ஊர்க் கல்யாணங்களில் இன்றும் கேட்கிறார்கள்: "ஆஸ்பத்திரியிலே நீ டாக்டரா?" இல்லை. "அப்ப நர்ஸா?" அதுவும் இல்லை. "பிசிக்ஸ் படிச்சவளுக்கு ஆஸ்பத்திரியிலே என்ன வேலை?" நியாயமான கேள்வி. புற்றுநோயாளிக்கு எவ்வளவு கதிர்வீச்சு தர வேண்டும் என்று டாக்டர் எழுதுகிறார். எழுதிய அளவு, எழுதிய இடத்தில், கூடாமல் குறையாமல் போய்ச் சேர்கிறதா என்பதற்கு மருத்துவ இயற்பியலாளர் பொறுப்பு. கோபால்ட்-60 மூலத்தின் வீரியம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறையும், 5.27 ஆண்டுகளில் பாதியாகிவிடும். அதற்கேற்ப சிகிச்சை நேரத்தைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். யாராவது ஒருவர் இதை மறந்தால் இயந்திரம் ஞாபகப்படுத்தாது. நோயாளிக்கும் தெரியாது. கதிர்வீச்சுக்கு நிறமில்லை, வாசனையில்லை.

இப்படிப்பட்ட வேலையைப் புத்தகத்தில் பாதிதான் படிக்க முடியும். மீதியை ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும். இந்தத் தொழில் இந்தியாவுக்கு வந்ததே அப்படித்தான். பாரிஸில் மேரி கியூரியிடம் பயின்ற ராமையா நாயுடு, 1941ல் திறக்கப்பட்ட பம்பாய் டாடா நினைவு மருத்துவமனையில் ரேடான் பிரித்தெடுக்கும் நிலையத்தை அமைத்தார். 1962ல் டிராம்பேயில் ஓராண்டு டிப்ளமா படிப்பு தொடங்கியது. 1980களில் அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. வந்தது. இன்று பல பல்கலைக்கழகங்கள் இந்தப் படிப்பை நடத்துகின்றன. எங்கே படித்தாலும், வசதிகள் முழுமையாக உள்ள ஒரு கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் ஓராண்டு பயிற்சி பெற்றால்தான் தனியாகப் பொறுப்பேற்கலாம் என்பது விதி. அந்த ஓராண்டு எப்படிக் கழிகிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டிப்ளமா முடித்து 1997ல் நான் வேலைக்குச் சேர்ந்தது மத்திய இந்தியாவின் ஒரு நகரத்தில். எனக்கு மேலே ஒரே ஒருவர். நாங்கள் அவரை சார் என்று மட்டுமே அழைத்தோம். மராத்திக்காரர், குறைவாகப் பேசுவார். முதல் வாரம் எந்தக் கருவியையும் தொட விடவில்லை. சிகிச்சை அறைக்கு வெளியே நோயாளிகளோடு பெஞ்சில் உட்காரச் சொன்னார். எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், காலையில் என்ன சாப்பிட்டார்கள், எந்த ரயிலில் திரும்புவார்கள் என்று தெரிந்துகொண்டு வரச் சொன்னார். இரண்டாவது வாரம் கணக்கு. கம்ப்யூட்டர் விடை தருவதற்கு முன்னால் என் விடையைக் காகிதத்தில் எழுதித் தர வேண்டும். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் காரணம் கண்டுபிடிக்கும் வரை வீட்டுக்குப் போகக் கூடாது.

இந்தப் பிடிவாதத்தின் அருமை எனக்குச் சில வருடங்கள் கழித்துத்தான் புரிந்தது. 2000-01ல் பனாமா நாட்டின் தேசியப் புற்றுநோய் மருத்துவமனையில் 28 நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு தரப்பட்டது. உடலின் சில பகுதிகளை மறைக்கும் தடுப்புகளைப் பற்றிய விவரங்களைக் கம்ப்யூட்டரில் புது முறையில் பதிந்திருக்கிறார்கள். அது சிகிச்சை நேரத்தைத் தவறாகக் கணக்கிட்டது. கையால் ஒருமுறை சரிபார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பிறகு அங்கிருந்த இயற்பியலாளர்கள் வழக்கைச் சந்தித்தார்கள். கணக்குத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். நிறுத்திச் சரிபார்க்கும் பழக்கம் அந்த இடத்தில் இல்லை.

நிறுத்துவதுதான் கஷ்டம். ஒரு திங்கட்கிழமை காலை லினாக் இயந்திரத்தை அளந்தபோது வெளியீடு நான்கு சதவீதம் அதிகமாக வந்தது. தினசரி சோதனையில் மூன்று சதவீதம் வரை பொறுக்கலாம். மறுபடி அளந்தேன். அதே நான்கு. வெளியே ஐம்பது பேர் காத்திருந்தார்கள். நிர்வாக அதிகாரி வந்து, ஒரு சதவீதத்துக்காக ஊரை நிறுத்துவதா என்று சத்தம் போட்டார். நான் சாரைப் பார்த்தேன். "உன் அளவில் உனக்குச் சந்தேகம் உண்டா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் நீயே டாக்டரிடம் சொல்" என்றார். சொன்னேன். பெரிய டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே பார்த்தார். அங்கே சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்றரை மணி நேரம் இயந்திரம் நின்றது. சரிசெய்து, மீண்டும் அளந்து, சிகிச்சையைத் தொடங்கினோம்.

நான் கண்ட வழிகாட்டுதல் அதுதான். மாநாட்டுக் கட்டுரையில் என் பெயரை முதலில் போட்டதும், நான்கு வருடம் கழித்து "இங்கேயே இருந்தால் என் நிழலாகிவிடுவாய், வேறு இடம் பார்" என்று துரத்தியதும் அதன் தொடர்ச்சி.

இப்போது என்னிடம் வருடா வருடம் பயிற்சிக்கு வருகிறார்கள். படிப்புகள் பெருகிய வேகத்தில் நல்ல பயிற்சி இடங்கள் பெருகவில்லை. இடம் கிடைத்தாலே போதும் என்று ஸ்டைபண்ட் இல்லாமல் சேருகிறவர்கள் உண்டு. நோயாளிகளை வரிசைப்படுத்தவும் ஃபைல் தேடவும் அனுப்பப்பட்டு, வருடக் கடைசியில் பயிற்சிக் குறிப்பேட்டில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. மறுமாதமே அவர்களில் சிலர் ஏதாவது ஒரு மாவட்டத் தலைநகரில், முழு ஆஸ்பத்திரிக்கும் ஒரே இயற்பியலாளராக உட்கார்ந்திருப்பார்கள்.

என்னிடம் முறையாகப் பயின்ற ஒடிசாப் பெண்ணுக்கும் அப்படி ஒரு வேலைதான் கிடைத்தது. ஒரு நாள் இரவு பத்து மணிக்குப் போன் செய்தாள். அளக்கும் கருவி அளவீட்டுச் சோதனைக்குப் போயிருக்கிறது; இரண்டு மாதமாக இயந்திரத்தை முழுமையாக அளக்கவில்லை; ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள்; பழைய எண்களையே கொஞ்சம் மாற்றி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறது நிர்வாகம். "என்ன பண்ணட்டும் மேடம்?" போடாதே என்றேன். பக்கத்து நகரத்திலிருந்து கருவி இரவல் வாங்கி அளந்துவிடலாம், நான் பேசுகிறேன் என்றேன். சற்று நேரம் மௌனம். பிறகு சொன்னாள்: "சொல்றது உங்களுக்குச் சுலபம் மேடம். எனக்கு எஜுகேஷன் லோன் இருக்கு."

அவள் கையெழுத்துப் போடவில்லை. இரவல் கருவி வர நிர்வாகம் ஒப்பவும் இல்லை. அடுத்த மாதம் 'பணி திருப்திகரமாக இல்லை' என்று ஒரு கடிதம். நான்கு மாதம் வேலை இல்லாமல் இருந்தாள். மூன்று நண்பர்களுக்கு நான் எழுதினேன்; ஒருவர் எடுத்துக்கொண்டார். இன்று அவள் நன்றாக இருக்கிறாள். இன்னொரு பெண் அதே இரவில் போன் செய்தாலும் நான் அதே பதிலைத்தான் சொல்வேன். ஆனால் அந்தப் பதிலின் விலையைக் கொடுத்தது அவள், நான் இல்லை. என் சார் எனக்கு அறிவுரை சொல்லவில்லை. பின்னால் நின்றார். எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு எப்படிப் பின்னால் நிற்பது?

இதை நல்ல மனசுள்ள சீனியர்களின் தயவுக்கு விட்டுவிட முடியாது. பயிற்சி தரும் மருத்துவமனை, முதல் இரண்டு வருடமாவது தன் மாணவருக்குப் பெயர் சொல்லி ஒரு வழிகாட்டியை நியமிக்க வேண்டும். 'இயந்திரத்தை நிறுத்தினேன்' என்று ஓர் இளம் இயற்பியலாளர் எழுதினால், அந்த வழிகாட்டியும் கீழே கையெழுத்திட்டு நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும். கூட ஒரு கையெழுத்து இருந்தால், 'திருப்திகரமாக இல்லை' என்று எழுதும் பேனா கொஞ்சம் யோசிக்கும்.

சிறிய டோசிமீட்டர்களைத் தபாலில் அனுப்பி, தொலைதூர ஊர்களின் இயந்திரங்கள் சரியான அளவு தருகின்றனவா என்று சரிபார்க்கும் ஏற்பாடு நம் நாட்டில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. இயந்திரத்தின் நலத்தை விசாரிக்க வழி கண்ட நாம், அதன் பக்கத்தில் தனியாக நிற்கும் இருபத்தைந்து வயதுக்காரரின் நலத்தை விசாரிக்கவும் வழி காணலாம். ஒரு சதவீதத்துக்காக அவர் இயந்திரத்தை நிறுத்தினால், வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் அவரைத் திட்டத்தான் செய்வார்கள். அவர்கள் திட்டட்டும். நாம் அவரைத் தனியாக விடக் கூடாது.