புரோகிராமில் இல்லாத கப்பல்

கட்சால் ஜெட்டியில் நின்று கப்பல் பார்க்கும் பெரியவர்களுக்கும், மாமாக்களுக்கும், தம்பிகளுக்கும்,

உங்களில் யாருக்கும் பெயர் போட்டு இந்த மடலை எழுதவில்லை. ஒருவர் பெயரைப் போட்டு இன்னொருவர் பெயர் விட்டுப்போனால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஜெட்டியிலேயே என்னைப் பிடித்துக்கொள்வீர்கள். நான் ரப்பர் தோட்டத்து லயத்துப் பிள்ளை, இப்போது சென்னையில் வேலை. இலங்கையிலிருந்து திரும்பி வந்து கட்சாலில் மரம் சீவியவர்களின் பேத்தி என்றால் யாரென்று உங்களுக்குப் புரிந்துவிடும்.

நன்றி சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக மனதில் இருந்தது. கடைசியில் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது ஒரு ரயில்.

வில்லிவாக்கம் ஸ்டேஷனில் மின்ரயிலுக்காக நின்றிருந்தேன். ரயில்வே தண்டவாளத்தில் ஒரு என்ஜின் மெதுவாக ஒரு மெட்ரோ ரயிலை இழுத்துக்கொண்டு போனது. கதவுகள் சாத்தியிருந்தன, உள்ளே ஆள் இல்லை. பக்கத்தில் நின்றவர், “நம்ம மெட்ரோ இங்க எப்படி வந்துச்சு?” என்று கேட்டார். நான் முதலில் கூரையைத்தான் பார்த்தேன். மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவி அதில் இல்லை. சென்னை மெட்ரோ மேல்கம்பியில் ஓடுவது, அதன் தண்டவாள அகலமும் வேறு, 1,435 மில்லிமீட்டர். ரயில்வேயின் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். அப்படியானால் இந்தத் தண்டவாளத்தில் உருளவும் வேண்டும், மேல்கம்பி தேவைப்படவும் கூடாது. அந்த இரண்டும் பொருந்துவது கொல்கத்தா மெட்ரோவின் பழைய வடக்கு–தெற்குத் தடம் போன்றவற்றுக்குத்தான். அகலப் பாதையில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போட்ட மூன்றாவது தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் தடம் அது. 1984 அக்டோபர் 24 அன்று இந்தியாவிலேயே முதலில் ஓடிய சுரங்க ரயிலும் அதுதான். அந்தத் தடத்துக்கான பெட்டிகள் பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலையில் உருவாகின்றன. மேல்கம்பி மின்சாரத்தால் அவற்றுக்குப் பயனில்லை, அதனால் பிறந்த ஊரிலிருந்து வங்காளம் வரைக்கும் இன்னொரு என்ஜின்தான் இழுத்துப் போக வேண்டும்.

இதையெல்லாம் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னபோது, “ரயில்வேயில வேலையா?” என்று கேட்டார். “இல்லைங்க, கட்சால்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

கூரையைப் பார்க்கும் பழக்கம் எனக்கு உங்களிடமிருந்து வந்தது. நம் ஊரில் ரயில் இல்லை, தண்டவாளமும் இல்லை. போர்ட் பிளேயரிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே இருக்கும் நம் நிக்கோபார்த் தீவுக்கு, ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து கிளம்பும் கப்பல்தான் ரயிலும் பஸ்ஸும் லாரியும். அரிசி அதில் வரும், சிமென்ட் வரும், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவரும் அதில்தான் வருவார். கார் நிக்கோபார், தெரசா, கட்சால், கமோர்ட்டா, கேம்பல் பே என்று தெற்குத் தீவுகளைத் தொட்டு வரும் கப்பல்களுக்கு ஒரு புரோகிராம் உண்டு, டெய்லி டெலிகிராம்ஸ் பத்திரிகையில் அச்சாகும். ஆனால் கடலும் என்ஜினும் பத்திரிகை படிப்பதில்லை. ஆகவே நீங்கள் ஜெட்டியில் நின்றீர்கள்.

நீங்கள் பார்க்கும் விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கமோர்ட்டா பக்கம் முதலில் ஒரு கோடு தெரியும். எங்களுக்கு அது வெறும் கோடு. உங்களில் ஒருவர் கண்மேல் கையை வைத்து, புகைபோக்கி நடுவில் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்ப்பார். இன்னொருவர் முன்பக்கத்து கிரேனைப் பார்ப்பார், ஒற்றைக் கையா இரட்டைக் கையா என்று. மூன்றாமவர், ஊர்த்தலைவரை ‘கேப்டன்’ என்போமே, அவர் வீட்டு நிக்கோபாரிப் பெரியவர், பார்ப்பதே இல்லை. ஹோடிப் படகைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு அதன் விளிம்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். என்ஜின் சத்தத்தை வைத்தே ஹிந்தியில் பெயரைச் சொல்லிவிடுவார். சென்டினல், சௌரா என்று எங்களுக்கு அ, ஆவோடு சேர்ந்து வந்தவை அந்தப் பெயர்கள். பிறகு கொச்சிக் கப்பல்தளத்தில் கட்டிய சிந்துவும் நாளந்தாவும் தீவுகளுக்கு வந்தபோது, அவற்றின் முகத்தை மனப்பாடம் செய்யவும் உங்களுக்கு அதிக நாள் ஆகவில்லை.

பிறகு வரும் அந்த வாசகம்: “இது நம்ம புரோகிராம்ல இல்லையே!”

அதைக் கேட்டதும் ஜெட்டியின் முகமே மாறும். வர வேண்டியதற்குப் பதிலாக வேறொன்று வருகிறது, அல்லது வரவே வேண்டாத நாளில் ஒன்று வருகிறது. நீங்கள் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டீர்கள். ஏன் என்று கேட்பீர்கள். நம்முடைய வழக்கமான கப்பல் சர்வேக்காக டாக்கில் ஏறிவிட்டதா? அப்படியானால் அடுத்த சில வாரங்களுக்கு இடம் குறையும், காலேஜுக்குப் போகிற பிள்ளைகளுக்கு டிக்கெட்டை இப்போதே பார்க்க வேண்டும். மெயின்லேண்ட் தடத்தில் ஓடுகிற பெரிய கப்பல் தெற்கே இறங்கி வந்தால், போர்ட் பிளேயரில் தேங்கிக் கிடந்த கூட்டத்தை ஒரே நடையில் அள்ளி வருகிறார்கள் என்று அர்த்தம். தேர்தல் சமயமென்றால் பெட்டிகளோடும் அதிகாரிகளோடும் ஒன்று வரும். கடற்படைக் கப்பல் வந்தால் கமோர்ட்டாவில் இருக்கும் ஐ.என்.எஸ். கார்திப்புக்குப் போகிற வழியா, இல்லை நம் ஊரில் யாருக்காவது அவசரமா என்று விசாரிப்பீர்கள். 2000ஆம் ஆண்டின் முதல் சூரியனைக் கட்சாலில் நின்று பார்க்க வெளியாட்கள் கப்பலேறி வந்தார்களே, அதற்குக்கூட உங்களிடம் ஒரு விளக்கம் இருந்தது: “நம்ம தினம் பார்க்கிற சூரியன்தான், இவங்களுக்கு இன்னைக்குத்தான் டிக்கெட் கிடைச்சிருக்கு.”

வழி மாறி வரும் கப்பலுக்குப் பின்னால் யாரோ ஒருவர் எடுத்த முடிவு இருக்கும், அந்த முடிவுக்குப் பின்னால் யாருக்கோ ஒரு தேவை இருக்கும் என்பதை நான் உங்களிடம் கற்றேன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதைச் சொல்லித் தரவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்த நாட்களை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள், விரித்து எழுத மாட்டேன். நம் ஊர் எத்தனை பேரை இழந்தது என்பதைக் கணக்கெடுப்பே சொல்கிறது: 2001இல் 5,000க்கு மேல் இருந்த தீவில் 2011இல் 3,000 பேர்கூட இல்லை. ஜெட்டிகள் உடைந்தன, நிலமே தாழ்ந்து கடல் உள்ளே வந்தது. அப்போது வந்தவை எல்லாமே புரோகிராமில் இல்லாத கப்பல்கள். ‘ஆபரேஷன் சீ வேவ்ஸ்’ என்று பெயர் வைத்துக் கடற்படை தீவுகளுக்கு அனுப்பிய கப்பல்கள், கடலோரக் காவல்படையின் படகுகள், முன்பக்கம் கதவாகத் திறந்து கரையில் இறங்குகிற வகைக் கப்பல்கள். ஜெட்டி இல்லாத ஊருக்கு அந்த வகைதான் வர முடியும். மேட்டில் ஒதுங்கியிருந்தவர்களுக்கு, தூரத்தில் தெரிவது எது, கரைக்கு எவ்வளவு பக்கம் வரும், ஆட்களை ஏற்றுமா அல்லது சாமான் இறக்கிவிட்டுப் போய்விடுமா என்று உருவத்தைப் பார்த்தே சொன்னவர்கள் நீங்கள்தான். பொழுதுபோக்கு என்று ஊர் கேலி செய்த ஒரு பழக்கம் அந்த வாரத்தில் எத்தனை பேரை மேட்டிலிருந்து சரியான நேரத்தில் இறங்க வைத்தது என்பதை அப்போது மேட்டில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

என் அம்மாயியும் கப்பல் பார்ப்பவர்தான். சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் 1964இல் கையெழுத்தானது. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என்று அதில் எழுதினார்கள். அப்படி வந்த அம்மாயியின் வழி: தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு ‘இராமானுஜம்’ கப்பல், பிறகு மண்டபம் முகாம், பிறகு சென்னைத் துறைமுகம், போர்ட் பிளேயர், கட்சால். தாயகம் திரும்பியவர்களை இன்னொரு கடலுக்கு நடுவே கொண்டுபோய்க் குடிவைத்ததைவிட எதிர்பாராத தடம் வேறென்ன இருக்கிறது? கப்பல் சங்கு ஊதினால் அம்மாயி ரப்பர் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஜெட்டிப் பக்கம் திரும்புவார். யாரையும் எதிர்பார்த்து அல்ல. “எது எங்க போகுதுன்னு தெரிஞ்சு வைக்கணும்டி” என்பார்.

சென்னைக்கு வந்தபின் உங்கள் கண்களை ரயிலுக்கு மாற்றிக்கொண்டேன். இங்கேயும் உங்களைப் போன்றவர்கள் இருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கடற்கரை–தாம்பரம் தடம் 1931லேயே மின்சாரம் கண்டது. மீட்டர்கேஜ் மின்ரயில்கள் 2004 வரைக்கும் ஓடின. 1855இல் இங்கிலாந்தில் செய்த ‘ஈ.ஐ.ஆர். 21’ நீராவி என்ஜினைப் பெரம்பூர் லோகோ ஆலையினர் 2010இல் மறுபடி உயிர்ப்பித்தார்கள். சிறப்பு நாட்களில் எழும்பூர்–கோடம்பாக்கம் தடத்தில் அது புகைவிட்டுக்கொண்டு வரும்போது, தினசரி மின்ரயிலில் தொங்கிப் போகிறவர்கள்கூட எட்டிப் பார்ப்பார்கள். 2024 ஆகஸ்ட்டில் ‘வந்தே மெட்ரோ’ ரயில் கடற்கரையிலிருந்து காட்பாடிக்குச் சோதனை ஓட்டம் போனது. நமக்குத்தான் வரப்போகிறது என்று சென்னைக்காரர்கள் நினைத்தார்கள். அடுத்த மாதமே அந்த வகை ரயில் குஜராத்தில், புஜ்–ஆமதாபாத் தடத்தில் பயணிகளை ஏற்றியது. ஜெட்டியில் இருந்திருந்தால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள்: “கட்டுற இடம் வேற, ஓடுற இடம் வேற.”

கடல் தாண்டியும் உங்கள் இனத்தார் உண்டு. நியூயார்க் சுரங்க ரயிலில் ஆர்–32 என்றொரு வகை, துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிகள், 1964இல் ஓட ஆரம்பித்தவை. வயதாகியபின் அவற்றின் ஏ.சி. சுரங்கத்துச் சூட்டைத் தாங்கவில்லை. அதனால் 2010களில் சில கோடைகளில், சுரங்கத்துக்குள்ளேயே ஓடும் ‘சி’ தடத்திலிருந்து அவற்றை எடுத்து, பெரும்பாலும் பாலத்தின் மேல் வெளிக்காற்றில் ஓடும் ‘ஜே’ தடத்தில் விட்டார்கள். தடம் மாறி வந்த பெட்டியைப் பார்த்ததுமே, ஏ.சி. படுத்துவிட்டது என்று ஊகித்தவர்கள் அந்த ஊர் ரயில் ரசிகர்கள். நம் ஊரில் கப்பல் மாறி வந்தால் டாக்கைப் பற்றிப் பேசுவீர்களே, அதே கணக்கு. 2022 ஜனவரியில் ஆர்–32 கடைசி ஓட்டம் ஓடியபோது வழியனுப்பக் கூட்டம் திரண்டது.

இவர்கள் எல்லாருக்கும் உங்களுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. நகரத்தில் ஒரு ரயில் போனால் பத்து நிமிடத்தில் அடுத்தது வரும், எது வந்தாலும் ஏறிக்கொள்ளலாம். அங்கே பார்ப்பது ஆசைக்கு. உங்களுக்கு ஆசையும் உண்டு, அதோடு கூட ஒரு ஊரின் பொறுப்பும் உண்டு. தடுப்பூசி வந்துவிட்டதா, ரேஷன் எப்போது இறங்கும், மில்தேராவிலிருந்து கபாங்கா வரை யார் யார் மூட்டை கட்ட வேண்டும் என்பதெல்லாம் உங்கள் வாயிலிருந்துதான் முதலில் தெரியும். சம்பளம் கிடையாது, சீருடை கிடையாது. ஒரு நாள் பெயரைத் தவறாகச் சொன்னால் ஒரு மாதத்துக்குக் கேலி மட்டும் கிடைக்கும்.

ஆகவே நன்றி. வெயிலில் நின்றதற்கு நன்றி. சின்னப் பிள்ளைகள் “அது எந்தக் கப்பல்?” என்று கேட்டபோது விரட்டாமல், “நீயே சொல்லு, புகைபோக்கி எங்க இருக்கு?” என்று திருப்பிக் கேட்டதற்கு நன்றி. தமிழும் ஹிந்தியும் நிக்கோபாரியும் கலந்து ஒரே கப்பலைப் பற்றி நீங்கள் போட்ட சண்டைகளுக்கும் நன்றி. அந்தச் சண்டைகளில்தான் நான் மற்ற இரண்டு மொழிகளையும் காதில் வாங்கினேன்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இதுவரை நீங்கள் பார்த்ததெல்லாம் உங்கள் தலைக்குள்தான் இருக்கிறது. பெரியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துவருகிறார்கள். தயவுசெய்து எழுதி வையுங்கள். தேதி, கப்பலின் பெயர், எங்கிருந்து எங்கே, ஏன் வந்தது. கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள், மற்ற மூன்றையும் ஆபீஸ் ரிஜிஸ்டரில் தேடிக்கொள்ளலாம். எழுதும் வேலையைத் தம்பிகள் செய்யட்டும், சொல்லும் வேலையைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வில்லிவாக்கத்தில் பார்த்த கொல்கத்தா ரயிலை முதல் பக்கத்தில் நான் எழுதிவிட்டேன், மீதிப் பக்கங்கள் உங்களுக்கு. தடித்த அட்டை போட்ட நோட்டு, மழையில் நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறையோடு அனுப்பியிருக்கிறேன். எந்தக் கப்பலில் வருகிறது என்று சொல்ல மாட்டேன், நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.


உங்கள் லயத்துப் பிள்ளை
சென்னை