தலைநகரில் ஒரு நாள்

பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளைக் கோலாலம்பூருக்கு அழைத்துச் செல்கிறோம். பேரங்காடிகளில் சுற்றுகிறோம், இரட்டைக் கோபுரத்தின் முன் படம் எடுத்துக்கொள்கிறோம், பொழுது சாய்ந்ததும் பேருந்து ஏறிவிடுகிறோம். 452 மீட்டர் உயர்ந்த அக்கோபுரம் பார்க்க வேண்டியதுதான். ஆனால், இந்நகரம் வளர்ந்த கதையைச் சொல்லும் கட்டடங்கள் வேறு பக்கம் இருக்கின்றன. ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். சோறு கட்டிக்கொண்டு புறப்படுங்கள்.

காலையில் மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்குங்கள். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடம் அது. சேறு நிறைந்த அந்தக் கூடுதுறையிலிருந்தே ஊருக்குப் பெயர் வந்தது. அங்கே நிற்கும் பள்ளிவாசல் 1909-இல் கட்டப்பட்டது. வரைந்தவர் ஹப்பேக் என்னும் ஆங்கிலேயர்.

ஆற்றுக்கு அப்பால் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். 1897-இல் அரசாங்க அலுவலகமாக எழுந்தது. செங்கல் சுவர், வெள்ளைப் பட்டைகள், செம்பு வேய்ந்த குவிமாடங்கள், நடுவில் மணிக்கூண்டு. ஆங்கிலேயர் தம் நாட்டுப் பாணியில் கட்டாமல், இந்தியாவில் கண்ட முகலாயர் பாணியைக் கலந்து கட்டினார்கள். 1892-இல் முடிந்த சென்னை உயர் நீதிமன்றமும் இதே வகைதான். எதிரே உள்ள திடலில்தான் 1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில் ஆங்கிலேயர் கொடி இறங்கியது.

இத்தனை செங்கல் எதற்கு? 1881-இல் முதலில் தீயும், பிறகு வெள்ளமும் பலகை, அத்தாப்பு வீடுகளை அழித்தன. இனிச் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்று ஆங்கிலேய ஆட்சியாளர் சுவெட்டன்ஹம் உத்தரவிட்டார். சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். தீபாவளிக்கு நாம் துணி எடுக்கப் போகும் அதே பிரிக்பீல்ட்ஸ்தான்!

உச்சி வேளைக்கு முன் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள மகா மாரியம்மனைத் தரிசியுங்கள். தம்புசாமிப் பிள்ளை 1873-இல் தொடங்கிய கோயில். தைப்பூச வெள்ளி ரதம் புறப்படுவது இங்கிருந்துதான்.

பிற்பகலில் தெற்கே நடந்தால் பழைய இரயில் நிலையம். 1910-இல் கட்டி முடிக்கப்பட்டது; வரைந்தவர் ஹப்பேக்கே. வெளியே அரண்மனை போன்ற வெண்மாடங்கள்; உள்ளே இரும்புக் கூரை. 2001-இல் முக்கிய இரயில்கள் சென்ட்ரலுக்கு மாறிவிட்டன. கொமுட்டர் இன்னும் நிற்கிறது. இந்நாட்டுத் தண்டவாளங்களைப் போட்டவர்களில் தமிழ்த் தொழிலாளர் மிகப் பலர்.

அருகிலேயே தேசியப் பள்ளிவாசல். சுதந்திரம் கிடைத்த எட்டாம் ஆண்டில், 1965-இல் திறக்கப்பட்டது. விரிந்த குடைபோலக் கூரை. பழைய குவிமாடத்தைப் பின்பற்றாமல் புது வடிவம் கண்டவர்களில் ஒருவர் பஹாருடின் அபு காசிம் என்ற நம் நாட்டவர். தொழுகை இல்லாத நேரத்தில், அடக்கமாக உடுத்திச் சென்று பார்க்கலாம்.

பெற்றோர்களே, "இதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டியது" என்று பிள்ளைகளிடம் சொல்லி முடித்துவிடாதீர்கள். படம் வரைந்தவர் பெயர் ஏட்டில் இருக்கிறது. கல் சுமந்தவர், சுண்ணாம்பு குழைத்தவர், தண்டவாளம் தூக்கியவர் பெயர் இல்லை. அவர்களும் நம்மைப் போல் விடியலில் எழுந்து வேலைக்குப் போனவர்களே. இதை அறிந்த பிள்ளை, தலைநகரைப் பிறர் ஊர் என்று நினைத்து ஒதுங்கி நிற்காது.

வீடு திரும்பியதும், மனத்தில் நின்ற ஒரு கட்டடத்தை வரையச் சொல்லுங்கள். அடியில் ஆண்டையும் எழுதட்டும்.