50-ஆம் எண் சாலையில் ஒரு செங்கல்

1938-இல் தொடங்கிய குளுவாங் ரயில் காப்பிக் கடையில் இடம் பிடித்து, காயா ரொட்டியை முடித்துக்கொண்டு கிளம்பினால் 50-ஆம் எண் கூட்டரசு சாலை மேற்கே பத்து பகாட்டுக்குக் கொண்டு போகும். வழியெல்லாம் செம்பனை. நடுவில் ஆயர் ஈத்தாம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வருவதற்கு முன் ஜொகூர் பாரு போகிற பேருந்துகள் நின்று போகும் ஊர். அந்தப் பக்கம் போய்விட்டு பூச்சட்டி வாங்காமல் வந்தால் அம்மாவுக்குக் கோபம் வரும். சட்டிக் கடைகள் இன்னும் இருக்கின்றன, கூட்டம்தான் குறைவு.

குளுவாங்கில் தரை ஓடு, ஆயர் ஈத்தாமில் சட்டி என்று மண்ணைச் சுட்டுப் பிழைக்கும் வட்டாரம் இது. இம்முறை நான் வந்தது ஒரு செங்கல் கதைக்காக. ஆயர் ஈத்தாமைத் தாண்டினால் பாரிட் ராஜா. அங்குள்ள துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகத்தில் ஏஸ்லினா அப்துல் காடிரும் அவர் குழுவினரும் ஆலைக் கழிவைக் களிமண்ணில் குழைத்துச் செங்கல் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

தரை ஓட்டுக்கு மண் அரைக்கும்போதும், ஓட்டை மெருகேற்றும்போதும் தண்ணீரோடு சேறு வெளியேறும். அதில் துத்தநாகம், குரோமியம் போன்ற உலோகங்கள் இருக்கும். குப்பை மேட்டில் கொட்டினால் மழையில் கரைந்து நிலத்துக்குள் போகலாம். அந்தச் சேற்றை 30 விழுக்காடு வரை களிமண்ணோடு சேர்த்து 1,050 பாகை வெப்பத்தில் சுட்டார்கள். சேற்றிலும் ஓட்டு மண்தானே இருக்கிறது! சூளையில் அதன் ஒரு பகுதி உருகி, ஆறும்போது கண்ணாடியாக இறுகித் துகள்களைப் பிணைக்கிறது. உலோகங்களும் அதற்குள் மாட்டிக்கொள்கின்றன. எல்லாமே மாட்டாது, சிலது புகையோடு போய்விடும். அதனால் சூளைப் புகையிலும் ஒரு கண் வேண்டும்.

எதைப் போட்டாலும் கல் உறுதியாகிவிடாது. இதே ஏஸ்லினா முன்பு மெல்பர்னில் அப்பாஸ் மொகாஜெரானியோடு சிகரெட் துண்டுகளைக் கலந்து கல் சுட்டவர். 2.5 விழுக்காடு சேர்த்ததுமே கல்லின் தாங்கும் பலம் பாதியாகக் குறைந்தது. துண்டு எரிந்து போன இடமெல்லாம் ஓட்டை. ஆனால் கல் லேசானது, சூளைக்கு எரிபொருளும் மிச்சம். அதனால் 1 விழுக்காடு போதும் என்றார்கள்.

பலத்தைவிட என்னை நிறுத்தியது இன்னொரு சோதனை. சுட்ட கல்லை நொறுக்கி, வினிகரில் இருக்கிற அதே அமிலம் கலந்த நீரில் போட்டு 18 மணி நேரம் சுழற்றுகிறார்கள். பிறகு அந்த நீரில் எவ்வளவு உலோகம் கசிந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். ஓட்டுச் சேறு கலந்த கல்லில் கசிவு வரம்புக்குள்தான் இருந்தது.

2019 மார்ச்சில் இதே ஜொகூரின் பாசீர் கூடாங்கில், யாரோ லாரியில் கொண்டுவந்து சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலோடு சிகிச்சைக்கு வந்தார்கள். வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. அந்த அறிவிப்பை ஒலிபரப்பில் வாசித்தவர்களில் நானும் ஒருத்தி. பிள்ளையைக் கூட்டி வரலாமா, வேண்டாமா என்று அழைத்துக் கேட்ட தாய்மார்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

கழிவைக் கல்லுக்குள் அடைப்பது நல்ல வழிதான். ஆனால் சோதிக்காமல் அடைத்தால், ஆற்றில் கொட்டியதை வீட்டுச் சுவரில் கொட்டியதாக ஆகிவிடும். இப்படியொரு கல் கடைக்கு வந்தால், விலையைக் கேட்பதற்கு முன் அந்த 18 மணி நேரக் கணக்கைத்தான் நான் கேட்பேன்.